82011, 69567: இந்த இரண்டு பழைய மொடல் என்ஜினும் என்ன, எப்படி ஓட வைக்கலாம்?

கடலோரப்பாதை (வெள்ளவத்தை)

வணக்கம். பழைய வீட்டு அலுமாரி ஒன்றைக் காலி செய்தபோது இரண்டு பொம்மை நீராவி என்ஜின் கிடைத்தது. பெட்டி இல்லை, பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்தது.

முதலாவது தகரம். கறுப்பு நிறம், நாலு சக்கரம், பக்கத்தில் 82011 என்ற இலக்கம். திறப்புப் போடும் துளை இருக்கு, திறப்பும் இருக்கு. முறுக்கினால் ஸ்பிறிங் இறுகுது, ஆனால் சக்கரம் அசையவே இல்லை. கூரையிலும் அடிவிளிம்பிலும் கறள். இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடைவெளி 28 மி.மீ.

இரண்டாவது வார்ப்பு உலோகம், சின்னதென்றாலும் நல்ல பாரம். கறுப்பு, 69567. ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு சின்னது. வயிற்றுப் பக்கம் கரண்டி மாதிரி இரண்டு தகடு தொங்குது. இதன் சக்கர இடைவெளி 14 மி.மீ.க்குக் கொஞ்சம் கூட. மருமகனுடைய புதுத் தண்டவாளத்தில் வைத்தவுடனே கொன்றோலர் கட் ஆகுது. சக்கரங்களில் சாம்பல் நிறப் பொடி படிஞ்சிருக்கு. உலோகம் உதிரும் நோய் என்று சொல்லுவினமே, அதுவா?

எந்த நிறுவனம், எந்தக் காலம்? கொழும்பில் இருக்கிற சாமானை வைத்தே திருத்த முடியுமா? இலங்கை ரயில்வே என்ஜின்களின் மொடலா என்றும் ஒரு சந்தேகம்.

மூன்றாந்தண்டவாளம்

இரண்டுமே லிவர்பூல் மெக்கானோ நிறுவனத்தின் ஹோர்ன்பி. வேறு வேறு அளவு.

நீங்கள் அளந்தது சக்கரங்களின் உட்பக்க இடைவெளி. தண்டவாள அகலம் அதைவிட எப்போதும் சில மில்லிமீற்றர் கூட வரும். உள்ளே 28 என்றால் தண்டவாளம் 32 மி.மீ., அது ஓ கேஜ். உள்ளே 14 சொச்சம் என்றால் 16.5 மி.மீ., அது ஓஓ. 45 மி.மீ. என்றால் கேஜ் 1, அது உங்களிடம் இல்லை. என்ஜினின் நீளத்தை வைத்து ஒருநாளும் அளவு சொல்லாதீர்கள். தகர என்ஜின்களை விகிதம் பார்த்துச் செய்யவில்லை.

82011 ஹோர்ன்பி ஓ கேஜ் 40ஆம் இலக்க டாங்க் (தண்ணீரைத் தன் உடலிலேயே சுமக்கும் வகை) என்ஜின், 1950களின் நடுப்பகுதி. உண்மையான 82011 பிரிட்டிஷ் ரயில்வேயின் 2-6-2 (முன்னால் இரண்டு சின்னச் சக்கரம், நடுவில் ஆறு பெரியது, பின்னால் இரண்டு சின்னது) டாங்க் வகை. பொம்மைக்கு நாலு சக்கரம்தான், இலக்கத்தை மட்டும் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஆகவே இலக்கத்தைத் தேடி, சக்கரம் பொருந்தவில்லையே என்று குழம்ப வேண்டாம். பிரிட்டிஷ் ரயில்வே உருவானது 1948 ஜனவரி 1. அதன் சிங்கச் சின்னம் இருந்தால் பொம்மை நிச்சயம் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது. எல்எம்எஸ், எல்என்இஆர் போன்ற பழைய ரயில் கம்பனி எழுத்து இருந்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் 1948க்குப் பிறகும் சில ஆண்டு அதே எழுத்தோடு விற்றார்கள்.

69567 ஹோர்ன்பி டப்ளோ 0-6-2 டாங்க். டப்ளோ என்பது ஹோர்ன்பியின் ஓஓ அளவு வரிசை, 1938இல் வந்தது. இந்த உடல் முதல் வரிசையிலேயே இருந்தது. போருக்குப் பிந்திய எல்எம்எஸ் நிறத்தில் 6917, 1953 தொடக்கம் பிரிட்டிஷ் ரயில்வேக் கறுப்பில் 69567. 69550 என்று இருந்தால் அது 1959க்குப் பிந்திய இரு தண்டவாள வகை. அசல் என்ஜின், இங்கிலாந்தின் என்ஜின் வடிவமைப்பாளர் கிறெஸ்லி வடிவமைத்த என்2 வகை, 1920இல் வந்தது. அதை எல்எம்எஸ் ஒருநாளும் வைத்திருந்ததில்லை, அந்த நிறம் வியாபாரத்துக்காக அடித்தது.

கொன்றோலர் ஏன் கட் ஆகுது என்பதற்கு விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கு. அந்தக் கரண்டித் தகடுகள் நடுத் தண்டவாளத்திலிருந்து மின் எடுக்க. 12 வோல்ற்று நேரோட்ட மின் (டிசி) நடுவால் உள்ளே வந்து, சக்கரங்கள் வழியாக இரு வெளித் தண்டவாளத்துக்கும் திரும்பும். அதனால் இடம் வலம் இரண்டு சக்கரத்துக்கும் இடையில் காப்பே கிடையாது. இன்றைய இரு தண்டவாளத்தில் வைத்தால் ஒரு இரும்புக் கம்பியைக் குறுக்கே போட்டதுக்குச் சமன். என்ஜினில் பிழை இருக்கென்று இதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மேர்க்லின் கம்பனியின் பொம்மை ரயில்களுக்குரியது போன்ற ஆடலோட்ட மின்சாரம் (ஏசி) கொடுக்கும் பெட்டியில் மட்டும் மாட்டிவிட வேண்டாம். இது நிலைக் காந்த மோட்டர். ஓடாது, உறுமும், காந்தமும் பலமிழக்கும்.

இலங்கை என்ஜின் இல்லை. எங்கள் அகலப் பாதை 5 அடி 6 அங்குலம். அடிக்கு 4 மி.மீ. என்ற டப்ளோ விகிதத்தில் அது 22 மி.மீ. வரவேண்டும். 16.5 என்பது இங்கிலாந்தின் 4 அடி 8½ அங்குலத்துக்கே ஒடுக்கம்தான்.

ஸ்பிறிங்காரன்

82011 பற்றி. தம்பி, முதல் வேலை: இனி ஒரு சுற்றும் முறுக்காதேங்கோ. இறுகின ஸ்பிறிங்கோடு பூட்டுக் கழட்டினால் விரல் போகும்.

என்ஜினின் பின்பக்கம், ஆள் நிற்கிற அறைக்குள்ள ரெண்டு கம்பி நீட்டிக்கொண்டு இருக்கும். ஒன்று முன் பின் மாத்த, மற்றது பிறேக். ரெண்டையும் தள்ளி இழுத்துப் பாருங்கோ. பாதி நேரம் பிறேக் விழுந்திருக்கிறதுதான் பிரச்சினை. அதுக்கும் அசையேல்லை என்றால் பழைய கிறீஸ் காய்ஞ்சு பசை மாதிரி ஆகியிருக்கு.

ஸ்பிறிங்கைத் தளர்த்திற முறை: திறப்பை நல்லாய் இறுக்கிப் பிடியுங்கோ. முறுக்கும்போது கடக் கடக் என்று பல்லில விழுகிற சின்னக் கொக்கி தெரியும். திறப்பை ஒரு மயிரளவு முறுக்குப் பக்கம் திருப்பி, கொக்கியை மெல்லிய ஸ்க்ரூட்ரைவரால தூக்கி, திறப்பைக் கையில விடாமல் அரைச் சுற்றுத் தளர்த்தி, கொக்கியை விழவிடுங்கோ. திரும்பவும் அதே. அவசரப்படக்கூடாது.

தளர்ந்த பிறகு பொறியை உடலில இருந்து கழட்டுங்கோ. சிலதில நட்டும் போல்ற்றும், சிலதில தகர நாக்கு மடிச்சிருக்கும். நாக்கை அகலமான தட்டைக் குறட்டால, குறட்டின்ர வாயில ரேப் சுத்தி, வெளியில வாறதுக்குத் தேவையான அளவு மட்டும் நிமிர்த்துங்கோ. நேராக்க வேண்டாம், முறுக்கின கோணம் எவ்வளவோ அவ்வளவே. ரெண்டு மூன்று தரம் மடிச்சு நிமிர்த்தினால் அந்தத் தகரம் அடியோட முறியும், பிறகு ஈயம் வைக்கப்போய் வர்ணம் கருகும்.

பொறியை மட்டும் ஒரு கண்ணாடிப் போத்தலில மண்ணெண்ணெயில இரவு முழுக்க ஊறவிடுங்கோ. உடல் மண்ணெண்ணெய் பக்கமே போகக்கூடாது. காலையில பழைய டூத்பிரஷால பற்சக்கரங்களைத் தேய்ச்சு, சக்கரத்தைக் கையால முன்னும் பின்னும் அசையுங்கோ. கறுப்புத் தண்ணி வரும். தெளியும்வரை மாத்துங்கோ. கடைசியாய் ஒருதரம் பெற்றோலில அலசிக் காத்தில உலர்த்தினால் மண்ணெண்ணெய்ப் பிசுக்கும் போகும். முற்றத்தில செய்யுங்கோ, குசினியில வேண்டாம்.

எண்ணெய்: தையல் மெஷின் எண்ணெய். ஊசி முனையால தொட்டு, அச்சு தகட்டுக்குள்ள போற ஒவ்வொரு துளையிலும் ஒரு பொட்டு. பற்களுக்கு எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடிச்சு அரைக்கும். ஸ்பிறிங் சுருள்களுக்கிடையில கிராபைற் கிறீஸ் கொஞ்சம். தேங்காய் எண்ணெய் தொடவே தொடாதேங்கோ. எங்கட வீடுகளில கதவுப் பிணைச்சல் தொடங்கி எல்லாத்துக்கும் அதுதான் போறது. நாள் போகப் போகக் கொழுப்பமிலம் பித்தளையோட சேர்ந்து பச்சைக் களிம்பு ஆகும், பொறி திரும்ப இறுகும். துருநீக்கித் தெளிப்பான் கழுவுறதுக்குச் சரி, எண்ணெய்க்குப் பதில் இல்லை.

பொறி சுத்தமான பிறகும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில தடக்கினால், சக்கரங்களை இணைக்கிற பக்கத் தண்டுகளைக் கழட்டிவிட்டு ஓடவிடுங்கோ. தண்டில்லாமல் வழுவழுவென்று ஓடினால் ஒரு சக்கரம் அச்சில வழுக்கித் திரும்பியிருக்கு. தண்டு கொழுவுற இடப்பக்க ஊசிகள் ரெண்டும் ஒரே கோணத்தில வாறமாதிரி அந்தச் சக்கரத்தைக் கையால முறுக்கிச் சரிப்படுத்தலாம். தண்டின் துளையை அரத்தால பெருப்பிக்கிறது பிழையான வைத்தியம்.

மற்றவைக்கும் சொல்லி வைக்கிறன்: திறப்பு இறுக்கமே இல்லாமல் சுத்தினால் ஸ்பிறிங் முறிஞ்சது, பெரும்பாலும் உள்முனை, நடு அச்சுக்குக் கிட்ட. முறிஞ்ச முனையில 2 செ.மீ. மட்டும் சிவக்கச் சூடாக்கித் தானாய் ஆறவிட்டால் இளகும். அதில துளைபோட்டு அல்லது கொக்கி வளைச்சுத் திரும்பக் கொழுவலாம். ஒரு சுற்று ஓட்டம் குறையும், அவ்வளவுதான். 2 செ.மீ.க்கு மேல சூடு ஏறினால் அந்த இடம் ஸ்பிறிங்காய் இருக்காது. முழுக்க மாத்த வேணும் என்றால் அகலமும் தடிப்பும் அளந்துகொண்டு புறக்கோட்டையில பழைய மணிக்கூடு திருத்துறவையிட்டக் கேளுங்கோ.

நிறக்கலவை

கறளைச் சுரண்டிப்போட்டுப் புதுசாய்க் கறுப்பு ஸ்ப்ரே அடிச்சால் பளிச்சென்று வருமே? இலக்கத்தை ஸ்டிக்கர் வெட்டி ஒட்டலாம்.

தகரப்பெட்டி

நிறக்கலவை, அடிக்க வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்கிறேன். கீறல் விழுந்த அசல் வர்ணத்துக்கு இருக்கிற விலை, புது வர்ணத்துக்கு ஒருநாளும் வராது.

கடலோரப்பாதை, முதலில் வர்ணம் எந்த வகை என்று பாருங்கள். எழுத்தின் விளிம்பில் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். மெல்லிய மேடு தட்டுப்பட்டால் தெளித்த வர்ணத்தின் மேல் ஒட்டிய எழுத்து. ஒன்றும் தட்டுப்படாமல் கோடும் இலக்கமும் தகரத்தோடு ஒரே மட்டமாக இருந்தால் அச்சிட்ட தகரம். அச்சிட்ட மை மிக மெல்லியது. கார் கடைகளில் விற்கும் கட்டிங் பொலிஷ் போட்டால் மஞ்சள், சிவப்புக் கோடுகள் துணியோடு வந்துவிடும். தின்னர், நெயில் பொலிஷ் நீக்கி இரண்டுக்கும் அதே தடை.

சுத்தம் செய்ய, பஞ்சுக் குச்சியில் தையல் மெஷின் எண்ணெய் போதும். முதலில் அடிப்பக்கம் தெரியாத மூலையில் சோதியுங்கள். கறள் புள்ளிமேல் எண்ணெய் விட்டு ஒருநாள் வைத்து, பல்குச்சியின் முனையைத் தட்டையாக்கிக் கறளை மட்டும் கிளப்புங்கள். வர்ணம் முழுதாகப் போய்த் தகரம் தெரியும் இடத்தில் மட்டும் பொஸ்போரிக் அமிலமுள்ள கறள் மாற்றியை மெல்லிய தூரிகையால் தொட்டு வைக்கலாம். அது கறுப்பாக மாறும், கறுப்பு என்ஜினில் கண்ணுக்குத் தெரியாது. முடிவில் மணல் கலக்காத வெறும் மெழுகு, மெல்லிசாக.

இனி அவற்றைத் திரும்ப அலுமாரிக்குள் வைக்காதீர்கள். வெள்ளவத்தையில் கடல் உப்புக் காற்று ஒரு பக்கம், மரத்திலிருந்து, முக்கியமாக ஒட்டுப்பலகையிலிருந்து, கசியும் அசற்றிக் அமில ஆவி இன்னொரு பக்கம். அந்த ஆவி துத்தநாகத்தையும் ஈயத்தையும் அரிக்கும். பத்திரிகைத் தாளிலும் அமிலம் இருக்கு. மஞ்சள் ஸ்பொஞ்ச் கொஞ்ச வருசத்தில் கரைந்து வர்ணத்தில் ஒட்டிவிடும். இறுக மூடும் பிளாஸ்ரிக் டப்பா, வெள்ளைப் பருத்தித் துணி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் ஒரு பை. நிறம் மாறினதும் 120 பாகையில் அவணில் காய்ச்சித் திரும்பப் போடலாம்.

சாம்பல் பொடி பற்றிக் கேட்டீர்கள். துடைத்தால் பொடி போய், கீழே உலோகம் வழவழப்பாக இருந்தால் வெறும் மேல் அரிப்பு, பயமில்லை. உதிரும் நோய் வேறு விதம்: வலை பின்னியது மாதிரி மயிர் வெடிப்பு, வீக்கம், விளிம்பு துண்டாக விழுதல். துத்தநாகக் கலவையில் ஈயம் சிறிது கலந்துவிட்டால் உலோகத் துகள்களுக்கு இடையே அரிப்பு ஓடும், ஈரம் அதை விரைவாக்கும். போருக்கு முந்திய வார்ப்புகளில்தான் கூடக் காணலாம். வேர்னியர் அளவுகோல் இருந்தால் ஒவ்வொரு சக்கரத்தையும் மூன்று திசையில் அளந்து பாருங்கள். அளவு மாறினால் வீங்குது. அதற்கு மருந்தில்லை, சக்கரம் மாற்றவேண்டியதுதான்.

கடலோரப்பாதை

எல்லாருக்கும் நன்றி. ஸ்பிறிங்காரன் அண்ணை சொன்னது சரி, கிறீஸ்தான். ஊறவைச்ச பிறகு 82011 ஓடுது, தடக்கும் இல்லை. டப்ளோவின் சக்கரங்கள் மூன்று திசையிலும் ஒரே அளவு, வெடிப்பும் இல்லை. அதை ஓட வைக்க எங்கே தொடங்க? மூன்று தண்டவாளப் பாதை என்னிடம் இல்லை. பழைய கொன்றோலர் ஒன்று கூடவே இருந்தது, அதைப் பாவிக்கலாமா?

கரிவாளி

பழைய கொன்றோலரை 230 வோல்ற்றில் மாட்ட வேண்டாம். அந்தக் கால றப்பர் வயர் வெளியே நல்லாத் தெரிந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கும். காட்சிக்கு வையுங்கள்.

பரிசோதிக்கத் தண்டவாளமே தேவையில்லை. வீட்டு ரவுட்டரின் 12 வோல்ற்று நேரோட்ட (டிசி) அடப்டர், குறைந்தது 2 அம்பியர். கூடவே பஞ்சிகாவத்தையில் வாங்கும் 12 வோல்ற்று 21 வாற்று கார் பிறேக் பல்பு ஒன்றைத் தொடராக மாட்டுங்கள். என்ஜினில் குறுக்குத் தொடர்பு இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், மோட்டர் பிழைக்கும். சும்மா மங்கலாக எரிந்தால் மோட்டர் மின் எடுக்குது என்று அர்த்தம். ஒரு வயர் கரண்டித் தகட்டில், மற்றது ஏதாவது சக்கரத்தில். வயரை மாற்றிப் பிடித்தால் பின்பக்கம் ஓடும்.

அதற்கு முதல் மல்டிமீற்றர். கரண்டிக்கும் சக்கரத்துக்கும் இடையே சில ஓம் காட்டவேண்டும், சக்கரத்தைக் கையால் சுற்றும்போது கொஞ்சம் ஏறி இறங்கும். பூச்சியம் என்றால் கரண்டியைத் தாங்கும் காப்புத் தகடு போயிருக்கு, அல்லது தொலைக்காட்சி இரைச்சலைத் தடுக்கப் போட்ட கபாசிற்றர் கசியுது. கபாசிற்றரின் ஒரு காலைக் கழட்டிவிட்டுத் திரும்ப அளவுங்கள். ஒன்றுமே காட்டாவிட்டால் மின் கொடுக்கும் காபன் பிரஷ், மோட்டரோடு சுழலும் செம்பு வளையமான கொமியூட்டேற்றரைத் தொடவில்லை.

உடலைக் கழட்டும்போது ஒவ்வொரு ஸ்க்ரூவும் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று படமெடுத்து வையுங்கள். நீளமானதை மாறிப் போட்டால் வார்ப்பு வெடிக்கும். பிரஷ் இரண்டும் பித்தளைக் குழாய்க்குள், மேலே மூடி. மூடியைத் திறக்கும்போது ஸ்பிறிங் பாயும், ஒரு தெளிவான பிளாஸ்ரிக் பைக்குள் கையைவிட்டுச் செய்வது நல்லது. பிரஷ் குழாய்க்குள் தன் பாரத்திலேயே வழுக்கி இறங்கவேண்டும். கொமியூட்டேற்றரை ஐசோபுறோபைல் அல்கஹோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, மூன்று பிளவிலும் உள்ள கரியைப் பல்குச்சியால் எடுங்கள். எமரித் தாள் வேண்டாம், செம்பு மெல்லியது.

பிரஷ் தேய்ந்திருந்தால் துளையிடும் மெஷின் பிரஷ்ஷை அராவிப் போடச் சொல்லுவார்கள். போடாதீர்கள். அது 230 வோல்ற்றுக்கான கடும் காபன், 12 வோல்ற்றில் தடை கூட, இழுவை வராது. கார் வைப்பர் மோட்டர் பிரஷ் செம்பு கலந்தது, அதுவும் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். அராவி அளவாக்கலாம்.

மிக முக்கியம்: ஆமேச்சரை (மோட்டரில் சுழலும் சுருள் பகுதி) அவசியமில்லாமல் வெளியே எடுக்க வேண்டாம். பழைய அல்னிக்கோ காந்தம், நடுவில் இரும்பு இல்லாமல் இருந்தால் பலம் குறையும். எடுக்கவே வேண்டும் என்றால் முதலில் காந்த முனைகளுக்குக் குறுக்கே மெல்லிரும்புத் துண்டு ஒன்றை ஒட்டவைத்துவிட்டு எடுங்கள். காந்தம் போனதன் அடையாளம்: சும்மா விட்டால் வேகமாகச் சுற்றும், இரண்டு பெட்டி கொழுவினால் நின்றுவிடும், அரை, முக்கால் அம்பியர் எடுக்கவேண்டியது ஒன்றுக்கு மேல் போகும், சுடும். அப்போது முதலாம் குறுக்குத் தெரு இலத்திரனியல் கடைகளில் நியோடிமியம் துண்டு கேட்டு, இரும்புத் தகட்டால் இடைவெளி நிரப்பி வைக்கலாம். ஓட்டம் கொஞ்சம் மந்தமாகும், இழுவை கூடும்.

ஸ்பிரிட்விளக்கு

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். உண்மையான நீராவியில் ஓடும், மமோட் கம்பனியின் பொம்மை டாங்க் என்ஜின் ஒன்று என்னிடம் இருக்கு, எஸ்எல்1 என்று சொன்னார்கள். பொயிலர் முனையில் கசிவு. செட்டியார் தெரு நகைக்கடைகளில் வெள்ளிப் பொடி வைத்து ஊதி (வெள்ளியால் பற்றி) தருவார்களா?

கரிவாளி

கேட்டால் ஊதித் தருவார்கள், அதுதான் ஆபத்து. எஸ்எல்1 வந்தது 1979இல். அதன் பித்தளைப் பொயிலர் ஈயப் பற்றா என்று முதலில் பாருங்கள். ஈயப் பற்று என்றால், தண்ணீர் வற்ற விட்டு எரித்தாலே முனை கழன்றுவிடும், ஏனென்றால் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 பாகையிலேயே உருகத் தொடங்கும். வெள்ளிப் பொடி வைக்கும் சூட்டுக்கு மிச்சப் பற்றெல்லாம் ஓடும். பழைய ஈயம் துளி மிஞ்சினாலும் அது பித்தளைக்குள் புகுந்து அரிக்கும், வெள்ளி பிடிக்காது. அப்படியான பொயிலரில் பழைய இடத்தைச் சுத்தமாக்கி ஈயமே வையுங்கள். பிறகு நெருப்புக் காட்டாமல், காற்றே இல்லாமல் குளிர்நீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு கைப்பம்பால் கொடுத்துப் பத்து நிமிடம் பாருங்கள். முள் இறங்கக்கூடாது. பாதுகாப்பு வால்வைத் தனியாகச் சோதிக்கவேண்டும். மீதியைப் புது இழையில் கேளுங்கள்.

கடலோரப்பாதை

டப்ளோ 12 வோல்ற்றில் துள்ளித் துள்ளி ஓடுது, சில இடத்தில் நின்றால் கையால் தள்ளினால்தான் திரும்பக் கிளம்பும். ஒரு பிளவின் இரு பக்கமும் கருகியிருக்கு, துடைத்தாலும் திரும்பக் கருகுது. கொமியூட்டேற்றரின் மூன்று துண்டுகளுக்கிடையில் அளந்தேன், பிரஷ் இரண்டையும் வெளியே எடுத்துவிட்டு. 9 ஓம், 9 ஓம், 18 ஓம். துண்டுக்கும் அச்சுக்கும் இடையில் ஒன்றும் காட்டவில்லை.

கரிவாளி

ஒரு சுருள் அறுந்திருக்கு. மூன்று சுருளும் முக்கோணமாக இணைந்தவை. ஒவ்வொன்றும் 9 ஓம் என்றால், நல்ல நிலையில் எந்த இரண்டு துண்டுக்கிடையிலும் 9ம் 18ம் சமாந்தரமாகி 6 ஓம் காட்டவேண்டும். உங்களுக்கு 18 காட்டும் சோடிக்கு நேரே இருக்கிற சுருள்தான் போனது, மற்ற இரண்டும் தொடராகி 18 ஆகுது. அச்சுக்குக் கசிவில்லை என்பது நல்ல செய்தி.

புதுச் சுருள் சுற்ற முன்னம் உருப்பெருக்கியால் அந்த இரண்டு துண்டின் காதுகளையும் பாருங்கள். அறுவது பெரும்பாலும் வயர் ஈயத்தில் ஏறும் அந்த இடத்தில்தான், பச்சைப் புள்ளி தெரியும். அறுந்த முனையில் 2, 3 மி.மீ.க்கு வார்னிஷ் பூச்சைச் சுரண்டி, பிசின் பிளக்ஸ் தொட்டு, 25 வாற்று இரும்பால் இரண்டு செக்கன். அமிலப் பசை பாவித்தால் அடுத்த மழைக்காலத்தில் திரும்ப அறும். வயர் எட்டாவிட்டால் வெளிச் சுற்றில் ஒரு சுற்றை அவிழ்த்து நீட்டுங்கள், ஒரு சுற்றுக் குறைவது ஓட்டத்தில் தெரியாது. காந்தத்தின் குறுக்கு இரும்பை மறக்க வேண்டாம்.

மூன்று சோடியும் 6க்குக் கிட்ட வந்ததும், பிளவுகளைத் திரும்பச் சுத்தம் செய்து, அச்சின் இரு முனைக்கும் ஒவ்வொரு பொட்டு எண்ணெய். கொமியூட்டேற்றரில் எண்ணெய் படக்கூடாது. பிறகு 5 வோல்ற்றிலிருந்து ஏற்றிப் பாருங்கள்.

கடலோரப்பாதை

காதில்தான் அறுந்திருந்தது, பச்சைப் புள்ளியோட. இப்போ 6.0, 6.1, 6.0. 12 வோல்ற்றில் 0.6 அம்பியர், இரு திசையிலும் தானாகக் கிளம்புது. மூன்று தண்டவாளப் பாதை விற்க யாரிடமாவது இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள். நேர்த்துண்டு ஆறும் வளைவு எட்டும் போதும்.